அலுவலகத்தின் தலையெழுத்து

நகராட்சி அலுவலகக் கட்டடத்துக்கு நூறு வயது ஆகப்போகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஆணையர்தான். வாசல் வளைவின் உச்சியில் கட்டிய ஆண்டு பொறித்திருந்தது. அதற்குக் கீழே தினமும் நடந்துபோன யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. ஆணையரும் பார்த்ததில்லை, ஒரு நாள் காலையில் தோளில் காக்கை எச்சமிட்டதால் பார்த்தார். பார்த்ததும் கோபம் தணிந்து, சட்டையைத் துடைத்துக்கொண்டே மாடியேறி, நூற்றாண்டு விழாக் குழு ஒன்றை அமைத்து ஆணை பிறப்பித்தார்.

குழு கூடியது. விழாவுக்கு ஒரு கல்வெட்டு வேண்டும், கல்வெட்டுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று முடிவானது. ஆணையர் பெயர் இருக்கவே இருக்கிறது. ஆனாலும் கட்டடத்தை வடிவமைத்தவர் பெயரும் ஓரமாக, சின்ன எழுத்திலாவது இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று பொறியாளர் அபிப்பிராயப்பட்டார். யார் வடிவமைத்தது என்று ஆணையர் கேட்டார். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள். மேசை வட்டமாக இருந்ததால், கேள்வி ஒரு சுற்று சுற்றி ஆணையரிடமே திரும்பி வந்துவிட்டது.

இப்படி ஆளில்லாமல் ஒரு வேலை அலைந்தால், அது போய் விழுவதற்கென்றே அந்த அலுவலகத்தில் ஒருத்தி இருந்தாள். கட்டடப் பிரிவின் வரைவாளர். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுவதாக இருந்தபோது, அதற்குப் படம் வரைய அவளை வேலைக்கு எடுத்தார்கள். பாலம் வரவில்லை, அவள் வந்துவிட்டாள். அன்றிலிருந்து பணியாளர் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'உபரி' என்று எழுதியிருந்தது. ஆணையர் அவளைக் கூப்பிட்டு, விழாவுக்குள் பெயரைக் கண்டுபிடித்தால் பணியிடம் நிரந்தரமாகும் என்றார். கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பாலம் இல்லாத ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுக்காரர் தையல் கடை வைத்திருந்தார். ஆனால் வீடு ஓடியது அவள் சம்பளத்தில். ஆகவே மறுநாளே ஆராய்ச்சியில் இறங்கினாள்.

முதலில் பிரிவு பிரிவாகப் போய் விசாரித்தாள். கட்டடம் தாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது என்று எல்லாரும் உறுதியாகச் சொன்னார்கள். அதற்கு மேல் எதற்கும் பொறுப்பேற்க அவர்கள் தயாராக இல்லை. பிறகு கட்டடத்தை அளந்து படம் போடலாம் என்று நாடாவை எடுத்தாள். ஊரில் உள்ள அத்தனை வீட்டின் வரைபடமும் அந்த அலுவலகத்தில் இருந்தது. அந்த அலுவலகத்தின் வரைபடம் மட்டும் எங்கேயும் இல்லை.

அளக்க அளக்க அவளுக்குத் தலை சுற்றியது. அறைகளுக்கும் தூண்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு தூண் பாதி பிறப்புப் பதிவிலும் பாதி இறப்புப் பதிவிலும் நின்றது. சுவரைத் தட்டினால் அட்டைப்பெட்டி போலச் சத்தம் கேட்டது. உள்ளே இருந்த சுவர் ஒன்றுகூட முதலில் கட்டியது இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. பின்னால் வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு தடுப்பு வைத்து, தடுப்புக்குள் தடுப்பு வைத்து, மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடியிருந்தார்கள்.

விசாரணை அறையில் அந்த சீலிங்கின் ஒரு பலகை உடைந்து தொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தாள். வெகு உயரத்தில், இலைக்கொடி வேலைப்பாடு செய்த காரைப் பட்டையில், ஒரு முழ உயரத்துக்கு 'இ' என்ற எழுத்து தெரிந்தது.

கட்டியவர் பெயர் 'இ'யில் தொடங்குகிறது என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. அன்று மாலைக்குள் 'இ'யில் பெயர் தொடங்கும் முன்னோர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள். ஆணையரின் மாமனார் வகையில் ஒருவர், பொறியாளரின் பெரியப்பா வகையில் ஒருவர். ஒப்பந்தக்காரர் ஒருவர் தன் பாட்டனார் படத்தையே மாலையோடு கொண்டுவந்து விசாரணை அறையில் மாட்டிவிட்டுப் போனார். அவள் மட்டும், முதலெழுத்து இருந்தால் அடுத்த எழுத்தும் இருக்க வேண்டும் என்று அடுத்த அறைக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கேதான் கண்காணிப்பாளர் குறுக்கே வந்தார். அவருக்கு அலுவலகத்தில் 'விதியார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் ஒரு விதியைச் சொல்லுவார். சொன்ன விதியைத் தன் மேலும் பிரயோகிக்கத் தயங்காத யோக்கியர். ஒரு பிரிவின் சீலிங்குக்கு மேலே இருப்பது எதுவானாலும் அந்தப் பிரிவின் உடைமை, ஆகவே பிரிவுத் தலைவரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எழுத்தைப் பார்க்கக் கூடாது என்றார். அப்படியே ஆயிற்று. அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விண்ணப்பம் எழுதினாள்.

தபால் பிரிவில் 'ங்' கிடைத்தது. முழு எழுத்துகூட இல்லை, வெறும் ஒற்றுதானா என்று அந்தப் பிரிவுத் தலைவர் மனம் நொந்துபோனார். அடுத்தது 'கே'. அதன் இரட்டைக் கொம்பு பிறப்புப் பதிவில் இருந்தது. 'க' சுவருக்கு அந்தப் பக்கம் இறப்புப் பதிவில் மாட்டிக்கொண்டிருந்தது. கொம்பு எங்களுடையது, எழுத்து உங்களுடையது என்று இரு பிரிவுகளுக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. சுகாதாரப் பிரிவில் 'சு' இருந்தது. வரிப் பிரிவில் 'வ' இருந்தது, அதை ஒட்டிய நடையில் 'ர்' இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்பே நம் பிரிவு திட்டமிடப்பட்டிருக்கிறது என்று இரண்டு பிரிவிலும் இனிப்பு வழங்கினார்கள்.

உரிமம் வழங்கும் பிரிவில் 'வை' இருந்தது. சரியாகப் பிரிவுத் தலைவரின் நாற்காலிக்கு மேலே. மனு கொண்டுவந்த பொதுமக்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து மனிதருக்கு என்ன தீர்க்கதரிசனம் என்று ஒரு பெரியவர் வியந்தார். பிரிவுத் தலைவர் அன்று மதியமே சீலிங் பலகையைத் திரும்ப மாட்டிவிட்டார்.

பொருள் காப்பறையிலும் பொறியாளர் அறையிலும் 'க்', 'கா' கிடைத்த பிறகுதான் விஷயம் அவளுக்குப் பிடிபட்டது. இது பெயர் இல்லை, வாக்கியம். தடுப்புகள் வருவதற்கு முன்பு உள்ளே ஒரே பெரிய கூடமாக இருந்தபோது அதைச் சுற்றி ஓடிய வாக்கியம். 'இங்கே சுவர் வைக்கா' வரைக்கும் வந்தாயிற்று. சுவர்கள்தான் அதைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கோர் எழுத்தாகக் கொடுத்திருக்கின்றன. தலையெழுத்து எல்லாருக்கும் உண்டு; அதன் கீழேயே நாற்காலி போட்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தான். இதை நினைத்து அவள் ஏணி மேலேயே சிரித்துவிட்டாள். பெயர் கிடைக்காவிட்டாலும், இந்த மனிதரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்தது பதிவறை. உயரமான அலமாரிகளுக்கு நடுவே ஏணியைச் சாய்த்து, அலுவலக உதவியாளரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினாள். பலகையை விலக்கி டார்ச் அடித்தாள். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எதிர்பார்த்த எழுத்துதான்.

"தீ" என்றாள்.

"என்ன மேடம்?"

"தீ. இங்கே தீ இருக்கு."

அலுவலக உதவியாளர் கடமையுணர்ச்சி மிக்கவர். ஏணியை அப்படியே விட்டுவிட்டு, எல்லா அறைகளுக்கும் தகவலைச் சொல்லிக்கொண்டே வெளியே ஓடினார். ஒரு கையெழுத்துக்காகக்கூட நாற்காலியிலிருந்து எழுந்திராதவர்கள் படிகளை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கினார்கள். ஆணையர் குளியலறையிலிருந்து முகத்தில் சோப்புடன் வந்தார். உரிமப் பிரிவுத் தலைவர் மேசை இழுப்பறையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வரைவாளர் மட்டும் சீலிங் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, அது நெருப்பு இல்லை, உயிர்மெய் எழுத்து என்று காலி அறைக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. நெருப்பு இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அப்படிச் சான்று கொடுக்கத் தீயணைப்பு அலுவலரால் முடியவில்லை. நெருப்பு இருந்தால் அணைத்துவிட்டுப் போய்விடுவார். இல்லை என்று சொல்வதானால் எல்லா அறையையும் பார்த்தாக வேண்டும். எல்லா அறையையும் பார்த்துவிட்டோமா என்பது அனுமதி பெற்ற வரைபடம் இருந்தால்தானே தெரியும். அவர் கையை நீட்டினார்.

வரைபடம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். விதியார் முகம் வெளுத்தது. வரைபட அனுமதி தரவேண்டியது நகரமைப்புப் பிரிவு. அது இருப்பது இதே கட்டடத்தின் மாடியில். கட்டடம் கட்டுவதற்கு முன்னால் மாடி இல்லை. மாடி இல்லாததால் பிரிவும் இல்லை. ஆகவே கட்டியவர் அனுமதி கேட்டிருக்கவே முடியாது என்று பொறியாளர் ஆறுதலாகச் சொன்னார்.

"கேட்டிருக்க முடியாதுங்கிறது, கேட்காததுக்குச் சமாதானம் ஆகாது சார்" என்றார் விதியார். போன வாரம்தான் இதே காரணத்துக்காக ஒரு முடிதிருத்தும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று அவரால் இருக்க முடியவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கலங்கிய கண்ணோடு தன் சொந்த அலுவலகத்தின் வாசலைப் பூட்டி, அரக்கு வைத்துச் சீல் போட்டார். அவருடைய சாப்பாட்டு டப்பா உள்ளே இருந்தது.

கதவில் ஓர் அறிவிப்பும் ஒட்டினார்: அனுமதியின்றி இக்கட்டடத்தை எழுப்பிய, பெயர் தெரியாத நபர் உடனடியாக நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டும். வரைவாளரின் ஆராய்ச்சிக் கோப்பு விழாப் பிரிவிலிருந்து வழக்குப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. தேடுவது அதே மனிதரைத்தான். முன்பு மாலை போடத் தேடினார்கள், இப்போது அபராதம் போட.

அலுவலகம் எதிரே இருந்த பூங்காவுக்குக் குடிபோயிற்று. வாடகைக்குப் பந்தலும் மேசைகளும் வந்தன. இடம் நீளமாகவும் ஒடுங்கியும் இருந்ததால் மேசைகளை ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகப் போட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். மறுபக்கம் ஜனங்கள் நின்றார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் விபரீதம். ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட கோப்பு, முழங்கையால் தள்ளினால் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது. சார் சீட்டில் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சார் இருப்பது வரிசையின் கடைசி ஆளுக்கும் தெரிந்தது. மேசைக்கு அடியில் கை நீட்டினால் பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கவனித்தார்கள். வீட்டு வரிக்குப் பெயர் மாற்ற வந்த ஓர் அம்மா, வேலையை முடித்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினார். ஆட்டோக்காரர், ஏன் போகாமலே திரும்பி வந்துட்டீங்க என்று கேட்டார். மதியத்துக்குள் அன்றைய வேலை தீர்ந்துவிட்டது. அதிகாரிகளுக்குத்தான் பெரிய கஷ்டம். மிச்சப் பொழுதெல்லாம் ஊர் பார்க்க, வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை, மருத்துவமனை உரிமத்தைப் புதுப்பிக்க ஒரு பல் டாக்டர் வந்தார். ஒல்லியான, சிரித்த முகக்காரர். வேலை முடிந்தும் போகாமல், அந்த மேசை வரிசையையே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டு நின்றார். இதை யார் போட்டது என்று வரைவாளரிடம் கேட்டார். யாரும் போடவில்லை, இடம் இல்லாததால் தானாக அமைந்தது என்றாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா இதுக்காகத்தாங்க அவ்வளவு பெரிய கட்டடம் கட்டினார்" என்றார் பல் டாக்டர்.

அவள் கையிலிருந்த அளவு நாடா நழுவிச் சுருண்டு உள்ளே போயிற்று. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனாள். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. உள்ளே நுழைந்தால் ஒரே கூடம். சுவர் என்று ஒன்று கிடையாது. குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் திரை கட்டிக் குடித்தனம் செய்திருந்தது. ஒரு திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் டாக்டரின் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, அவர் போடுகிற சத்தத்தைப் பார்த்தால் கடைவாய்தான் என்று கருத்துச் சொன்னார். மேலே, அதே இலைக்கொடி, அதே முழ உயரத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'இங்கேயும்.'

அவள் கழுத்து வலிக்க நின்று பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. காரைத் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

வீட்டார் தங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொடாமல், கட்டடத்துக்குப் படம் வரைவதை மட்டுமே தொழிலாக வைத்த முதல் ஆள் அந்தப் பக்கத்தில் அவர்தானாம். கோடு போடுவதற்கு ஒரு ஆளா என்று ஊர் சிரித்ததாம். சோம்பேறித்தனம் கதவுக்குப் பின்னால்தான் வளர்கிறது என்பது அவர் கட்சி. வாசல் வைப்பார், கதவு வைக்க மாட்டார். பெண் கொடுக்க வந்தவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம். அதற்கப்புறம் வந்த ஒருத்தி மட்டும் கையோடு திரைத்துணி கொண்டுவந்தாளாம். கடைசியில், நகராட்சிக் கூடம் திறந்த கொஞ்ச நாளிலேயே, வரைபலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டார். துரத்திவிட்டார்கள் என்றார் டாக்டரின் அத்தை. யார் துரத்தியது என்று கேட்டதற்கு, அந்த அம்மாள் தன் திரையை இழுத்து விட்டுக்கொண்டார்.

வேறு யார், அதிகாரிகள்தான் என்று வரைவாளர் முடிவு செய்தாள். அவருடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, காற்றில் நடப்பதுபோல் வீட்டுக்கு வந்தாள். வேலை நிரந்தரம் ஆவது இருக்கட்டும். எல்லாத் தடுப்பையும் உடைத்து அந்த வாக்கியத்தை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

பத்திரிகைகளில் செய்தி வந்தது. உடனே ஊரில் 'சுவரற்ற வாழ்வு' பரவத் தொடங்கியது. வசதியானவர்கள் சுவரை இடித்தார்கள். வசதியில்லாதவர்கள் இடிப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். சுவர் வைத்த வீட்டைவிடச் சுவரில்லாத வீட்டுக்கு உள் அலங்கார நிபுணர்கள் கூடுதல் கட்டணம் கேட்டார்கள். இல்லாததை நேர்த்தியாகச் செய்வதுதான் கஷ்டம் என்று விளக்கம் சொன்னார்கள். ஒரு பெரிய உணவகம் சமையலறைச் சுவரை எடுத்துவிட்டது. மறுநாள் பக்கத்து உணவகத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆணையரின் மனைவி படுக்கையறைச் சுவரை எடுத்தார். அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் இருபத்துநாலு மணி நேரமும் பார்க்க நேர்ந்தது. ஆணையர் விடிந்ததும் பூங்காவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

இந்த உற்சாகத்தில்தான் முதல் விரிசல் விழுந்தது. ஒரு நாள் ஒருவர் பிறப்புச் சான்றிதழோடு பந்தலுக்குத் திரும்பி வந்தார். மகள் கல்யாணத்துக்காக வாங்கிக்கொண்டு போனது. சம்பந்தி வீட்டில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். எப்போது மனுப் போட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். காலையில் போட்டு காலையிலேயே வாங்கினேன் என்று இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சம்பந்தி சான்றிதழை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நிஜமானது கிடைத்ததும் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

"அசல் சான்றிதழ் எங்கேங்க கிடைக்கும்?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

வரைவாளருக்கு ஒன்றும் புரியவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நான் ஒரு சட்டையை அன்னிக்கே தைச்சுக் கொடுத்தேன்னு வையி, வாங்கிட்டுப் போறவர் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரு. அதையே தைச்சு ஒரு வாரம் ஆணியில தொங்கவிட்டுக் கொடுத்தா, கச்சிதமா இருக்குன்னு சொல்லிட்டுப் போவாரு. ஆணிதான் எனக்குக் கூட்டாளி."

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். வங்கியில் சிரிக்கிறார்கள் என்றார் ஒருவர். இதற்காக விடுப்பெல்லாம் எடுத்தேன், மீதி நாளை என்ன செய்வது என்றார் இன்னொருவர். ஒரு ஆசிரியர், அலையாமல் கிடைத்ததால் மனைவி தன்னைப் பாராட்டவே இல்லை என்று வருத்தப்பட்டார். கடைசியில் ஊரே கையெழுத்துப் போட்ட மனு ஒன்று வந்தது. எங்கள் ஆவணங்களின் மதிப்பைக் காப்பாற்றித் தாருங்கள் என்று தொடங்கியது அது. பழைய கட்டடத்தை உடனே திறக்க வேண்டும். எந்த மனுவும் மூன்று அறைகளையாவது கடந்து வர வேண்டும். எந்த நேரத்திலும் ஓர் அதிகாரியாவது இருக்கையில் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஆணையர் மனுவைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். தன் பணிக்காலத்தில் பொதுமக்கள் தங்களை இவ்வளவு புரிந்துகொண்டது இதுதான் முதல்முறை என்றார்.

சீலை உடைக்க விதி வேண்டுமே. விதியார் சாப்பாட்டு டப்பாவின் நினைவோடு யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். எந்த விதிக்கும் முந்திய கட்டடம் பாரம்பரியச் சின்னம். பாரம்பரியச் சின்னத்துக்கு வரைபட அனுமதி தேவையில்லை. ஆனால் அதைத் தற்போதுள்ள நிலையிலேயே பாதுகாக்க வேண்டும். தற்போதுள்ள நிலை என்றால் தடுப்புகளோடு, சீலிங்கோடு. இனிமேல் அந்த அட்டைச் சுவரில் ஒரு ஆணி அடித்தாலும் குற்றம்.

வரைவாளர் பதறிப்போய் ஆணையரிடம் ஓடினாள். அந்த மனிதர் கூரை முழுக்க எழுதி வைத்துவிட்டுப் போன ஒரே வார்த்தையை இப்படிக் காலில் போட்டு மிதிக்கலாமா என்று கேட்டாள். ஆணையர் அவளை உட்காரச் சொன்னார். அவருடைய வார்த்தைக்கு மரியாதை செய்யாமல் விடுவோமா, அதற்குத்தானே நினைவுச்சின்னம் எழுப்பப்போகிறோம் என்றார்.

சொன்னபடியே எழுப்பினார்கள். கூடத்தில் மிச்சமிருந்த ஒரே திறந்த வெளிக்குக் குறுக்கே, பளபளவென்று கருங்கல்லில், ஆளுயரத்துக்கு மேலே ஒரு நினைவுச் சுவர். அதில் தங்க எழுத்தில் 'இங்கே சுவர் வைக்காதீர்கள்' என்று பொறித்தார்கள். கடைசி எழுத்துகள் ஆணையரின் குளியலறைக்கு மேலே இருந்தபடியால் யாரும் பார்க்கவில்லை. மரியாதைக்காக 'ர்கள்' சேர்த்துக்கொண்டார்கள். கட்டியவர் பெயரைப் போட விதியார் சம்மதிக்கவில்லை. அனுமதியின்றிக் கட்டியது, நேரில் வந்து விளக்கமளிக்காதது என்று இரண்டு குற்றங்கள் அவர் மேல் நிலுவையில் இருந்தன. ஆகவே கீழே ஆணையரின் பெயர் மட்டும் போட்டார்கள். இப்போது பள்ளிக்கூடங்களில் அது ஆணையரின் பொன்மொழி.

வரைவாளரின் வேலை நிரந்தரமாயிற்று. பாரம்பரியச் சுவர்கள் பாதுகாப்பு அலுவலர் என்று பதவிப் பெயர் கொடுத்து, நினைவுச் சுவருக்குப் பின்னால் விழுந்த சந்தில் அவளுக்குத் தனி அறையும் கொடுத்தார்கள். முதல் நாள் அந்தக் கதவைச் சாத்தக் கூடாது என்று உறுதியாக இருந்தாள். இரண்டாம் நாள் லேசாகச் சாத்தினாள். கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் யாரோ தட்டினார்கள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

அந்த வாரம் அவளுக்குப் பல்வலி வந்தது. வேறு எங்கே போவாள், அந்தப் பல் டாக்டரிடமே போனாள். கூட்டமே இல்லை. நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, பயத்தில் கண்ணை மூடினாள். திறந்தபோது பல் தட்டில் கிடந்தது. வலிக்கவேயில்லை. இவ்வளவுதானா என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றார். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரின் மனைவி, நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லு என்றார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டே, அந்த மனுவைப் பற்றியும் நினைவுச் சுவரைப் பற்றியும் அவரிடம் சொல்லி வருத்தப்பட்டாள். அவர் கருவிகளைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்பவும் மனுதாங்க. அதிகாரிங்க யாரும் தாத்தாவைத் துரத்தல. ஊரே சேர்ந்து கையெழுத்துப் போட்டுச்சு. நாங்க கௌரவமா அலையறதுக்கு ஓர் இடம் வேணும்னு எழுதியிருந்தாங்களாம்."

அவள் பஞ்சைத் துப்பிவிட்டு எழுந்தாள். விடைபெற்று வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் அந்த மனிதருக்காகக் கொதித்துக்கொண்டு நடந்தாள். இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது என்று நினைத்தாள். முனையில் நாக்கு தானாகப் போய்ப் பல் இருந்த இடத்தைத் தடவியது. வலியே இல்லாமல் எப்படி? வேர் உள்ளேயே இருந்துவிட்டால்? கண்ணைத் திறப்பதற்குள் எடுத்துவிட்டாரே, ஒழுங்காகப் பார்த்துத்தான் எடுத்தாரா? வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டியவள், கால் போன போக்கில் எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

அங்கே பெரிய பல் மருத்துவமனை இருந்தது. எத்தனையோ அறைகள், கண்ணாடிக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரிசை. டோக்கன் வாங்கிக்கொண்டாள். பெரிய டாக்டர் இன்னும் வரவில்லை, எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார்கள். அதைக் கேட்டதும் அவளுக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது. பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. ஒரு மூலையில் விதியார் தாடையைப் பிடித்துக்கொண்டு தூங்கினார். ஆணையரின் மனைவி பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட ஆசிரியரும் இருந்தார். அவள் உட்கார இடம் தேடினாள்.

பொழுது சாய்கிற வேளையில் பக்கத்து பெஞ்சுக்கு இன்னொருவர் டோக்கனோடு வந்தார். கைக்குட்டையால் கன்னத்தைப் பொத்தியிருந்தார். நிமிர்ந்து பார்த்தாள். பல் டாக்டர்தான்.

 அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் தம்பியும் பல் டாக்டர்தாங்க. ஒரு நிமிஷத்துல எடுத்துடுவான்" என்றார். "இருந்தாலும், நம்ம பல்லுன்னு வரும்போது, கொஞ்சம் பார்த்து நிதானமாப் பண்ணட்டுமேன்னு..."

அவள் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.